கோழிச் செட்டுகளுக்கு நடுவே ஒரு புள்ளி

என் வீட்டுக்காரருக்கு நினைவு தப்புகிறது என்பது முதலில் முட்டை விஷயத்தில்தான் தெரிந்தது. எங்கள் பண்ணையில் மூன்று செட், நீள நீளமான கோழிக் கொட்டகைகள். ஒரு செட்டில் கோழிகளுக்கு வயதாகிவிட்டதால் எல்லாவற்றையும் லாரி ஏற்றி அனுப்பியிருந்தோம். கூண்டெல்லாம் காலி. இவர் காலையில் முட்டை அட்டையை எடுத்துக்கொண்டு அதற்குள் போய், ஒவ்வொரு கூண்டுக்கு முன்னாலும் குனிந்து, கையை நீட்டி, இல்லாததை எடுத்து அட்டையில் வைத்துக்கொண்டிருந்தார். நான் போனதும் அட்டையை என்னிடம் நீட்டினார்.

“முட்டை சின்னதாப் போச்சு புள்ள. தீவனத்தைப் பாரு.”

“பாக்கறனுங்க,” என்று வாங்கிக்கொண்டேன். கொஞ்சமும் கனமில்லாத அந்த அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தேன். ஏன் அப்படிப் பிடித்தேன் என்று தெரியவில்லை.

அப்புறம் நடக்க ஆரம்பித்தார். எருமப்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் தோட்டம். சுற்றிலும் மரவள்ளிக் காடு, சோளக் காடு, ஆளுக்கொரு கோழிப்பண்ணை. எங்கே நுழைந்தாலும் தகரக் கூரை, கம்பிக் கூண்டு, எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். நன்றாக இருக்கிற ஆளுக்கே திசை தப்பும். இவர் யார் பண்ணை என்றும் பார்க்காமல் உள்ளே போய்த் தண்ணீர்க் குழாயைத் திருகிப் பார்ப்பார். சில நாள் அவர்களே கூட்டி வந்து விட்டுப் போவார்கள். சில நாள் தேட வேண்டியிருக்கும்.

தேடுவது எனக்கு ஆகாத காரியம். அஞ்சாவது வரை படித்தேன். அதற்கப்புறம் வீடும் பண்ணையும்தான். முட்டை எடுக்க வருகிற லாரிக்காரர்களுக்குக்கூடச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பதில் சொல்லுவேன். அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமுமில்லை. ஒருநாள் ரோட்டுக்கே போய் “ஏனுங்க, ஏனுங்க” என்று கத்தினேன். சைக்கிளில் போன யாரோ ஒருவர் “என்னங்கம்மா?” என்று இறங்கி நின்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

என் கொழுந்தனார் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறார். அண்ணன் மேல் பிரியம் உள்ளவர். அவர்தான் சொன்னார்.

“அண்ணி, பின்னாடி மூட்டை போடற ரூமு சும்மாத்தான கெடக்குது. ஜன்னல் இருக்குது, காத்து வரும். வெளிய தாப்பாப் போட்டு ஒரு பூட்டுப் போட்டர்லாங்க.”

“அவரையா?”

“வேற என்ன பண்றதுங்க? வெய்யல்ல எங்கியாச்சும் உழுந்து கெடந்தா ஊரு என்னையத்தான கேக்கும்?” அதைச் சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

எங்களுக்கு ஒரே மகள். பட்டணத்தில் வேலை. போனில் இதைச் சொன்னதும் லீவு போட்டு வந்துவிட்டாள். அப்பனுக்கு மகளைத் தெரியவில்லை. கோழிக்கு ஊசி போட வருகிற டாக்டர் என்று நினைத்துக்கொண்டார்.

“வாங்க டாக்டரம்மா. கோழிகளுக்குச் சளி புடிச்சிருக்குதுங்க.”

அவள் சிரித்துக்கொண்டே, “மருந்து எழுதித் தாரனுங்க, தண்ணில கலந்து வெய்ங்க,” என்றாள். சமையலறைக்குள் வந்ததும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். நான் காப்பியைப் பக்கத்தில் வைத்தேன்.

பூட்டு வேண்டாம் என்று அவள்தான் பிடிவாதமாக நின்றாள். ஆகாசத்தைப் பார்த்து இடம் சொல்லுகிற கருவி கடையிலேயே கிடைக்குமாம். ஆனால் தகரக் கூரைக்குள் போனால் அது குருடாம். அதனால் வேறு வழி செய்தாள். பண்ணையைச் சுற்றிக் கம்பங்களில் சின்னச் சின்னப் பெட்டி மாட்டினாள். அவர் உடம்பில் கட்டுவதற்கு ஒரு காசு அளவில் ஒரு வில்லை. அவர் எங்கே நிற்கிறார் என்று போனில் ஒரு புள்ளி காட்டும் என்றாள்.

அவள் வேலை என்ன என்று நான் அதுவரை கேட்டதில்லை. ஒறம்பரை, சொந்தக்காரர் யாராவது கேட்டால் ‘கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறாள்’ என்பேன். அந்தத் தடவை சமையலறைத் தரையிலேயே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் எங்கள் மூன்று செட்டும் பெட்டி பெட்டியாகத் தெரிந்தன. மேலே சிவப்பும் நீலமுமாகத் திட்டுத் திட்டாக ஏதோ பரவியிருந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன்.

“அதென்ன கண்ணு, சாயத் தண்ணி ஊத்துன மாதிரி?”

“செவப்பா இருக்கற எடத்துல நல்லாக் கேக்கும்மா. நீலத்துல கேக்காது.”

“என்ன கேக்கும்?”

“அப்பா இடுப்புல கட்டப்போற வில்லை இருக்குதில்ல, அது வாய் ஓயாம ‘இங்கிருக்கேன், இங்கிருக்கேன்’னு சொல்லிட்டே இருக்கும். நம்ம காதுக்குக் கேக்காது. கம்பத்துல இருக்கற பொட்டிக்குக் கேக்கும். ஆனா நடுவுல தகரம் இருந்தாத் திருப்பி அடிச்சுரும். கம்பி வலையில கொஞ்சம் நொழையும், கொஞ்சம் திரும்பும். கோழி ஒடம்பு பூராத் தண்ணிதான, அது கொஞ்சம் குடிச்சுக்கும். இப்படி மோதி மோதிப் பொட்டிக்குப் போய்ச் சேர்றப்ப எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியாது. அதை முன்னாடியே கணக்குப் போட்டு வெச்சுக்கிட்டா, பொட்டிக்குக் கேட்டதை வெச்சு ஆளு எங்க நிக்கறாருன்னு சொல்லிரலாம்.”

“அத்தனை கூண்டுக் கம்பியையும் எண்ணிப் போடறயா?”

“ஒவ்வொரு கம்பியும் மத்த எல்லாக் கம்பிகிட்டயும் பேசும்மா. அதை ஒண்ணொண்ணாப் போட்டா என் ஆயுசு பத்தாது. கணக்கு என்னமோ பழைய கணக்குத்தான். அதைச் சீக்கிரமா முடிக்கறதுக்கு வழி கண்டுபுடிக்கறதுதான் எங்க வேலையே.” கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். “நம்மூர்ல எழவு சொல்லப் போனா எப்படிப் போவாங்க?”

“அப்பனை ஊட்ல வெச்சுக்கிட்டு அச்சானியமாப் பேசாதே.”

“செரி, கல்யாணஞ் சொல்லப் போறாங்க. பக்கத்து ஊட்டுக்கு?”

“வாசல் வாசலாப் போய்ச் சொல்லோணும். ஒரு வாசல் உட்டுப் போச்சுன்னா ஆயுசுக்கும் பேச மாட்டாங்க.”

“தூரத்து ஊருக்கு?”

“ஒரு ஊட்ல சொன்னாப் போதும். அந்த ஊரு முச்சூடும் அவிகளே சொல்லிருவாங்க.”

“அவ்வளவுதாம்மா. கிட்ட இருக்கற கம்பிக்கு ஒண்ணொண்ணாக் கணக்கு. தூரத்துல இருக்கற செட்டுக்கு மொத்தமா ஒரே சேதி. அங்க போனப்புறம் அது உள்ளுக்குள்ள பிரிச்சுக் குடுத்துக்கும். மாசக்கணக்குல ஓடறது ஒரே பொழுதுல முடிஞ்சுரும்.”

“தப்பு வராதா?”

“துளியூண்டு வரும். தூரத்துல வர்ற தப்பு ஒண்ணும் பண்ணாது. கிட்டத்துல மட்டும் எதையும் உட்டுறக் கூடாது.”

வெங்காயத்துக்காகத்தான் கண்ணைத் துடைத்தேன். ஆனாலும் மனசுக்கு ஒரு தெம்பு வந்தது. எங்கள் ஊர் வழக்கத்தில் ஓடுகிற கணக்கு எப்படித் தப்பும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

முதலில் வில்லையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு அவளே போனாள். நான் வாசலில் போனை வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது செட்டின் கடைசியில் நின்று கையை ஆட்டினாள். புள்ளி அங்கேயே நின்றது. தீவன அறைக்குள் போனாள். புள்ளியும் போனது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

அடுத்தது அவர் உடம்பில் கட்டுவது. சட்டைப் பையில் வைத்தால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிடுவார். கையில் கட்டினால் பல்லால் கடிப்பார். சின்னதாக ஒரு துணிப்பை தைத்து, வில்லையை உள்ளே வைத்து, குளிக்க வைக்கும்போது இடுப்பில் கட்டிவிட்டேன். தாயத்து மாதிரி இருந்ததால் அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மகள் கேட்டாள். “இடுப்புல சாவி, பெல்ட்டு, இரும்பு கிரும்பு ஏதாச்சும் இருக்குதாம்மா?”

“ஒண்ணுமில்ல சாமி. வேட்டிதான்.”

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் ஆளைக் காணவில்லை. போனில் புள்ளி, மோட்டார் ரூம் பக்கத்தில் நிற்கிறார் என்றது. அங்கே இல்லை. கொஞ்ச நேரத்தில் முதல் செட்டுக்குள் குதித்தது. அங்கும் இல்லை. அப்புறம் எந்தப் பெட்டிக்கும் அந்த வில்லையின் குரல் கேட்கவில்லை. கொழுந்தனார் வண்டியில் ஒரு பக்கம் போனார், மகள் ஒரு பக்கம் ஓடினாள். பொழுது சாயும்போது மரவள்ளிக் காட்டு வாய்க்காலில் உட்கார்ந்திருந்தவரைத் தூக்கி வந்தார்கள். உள்ளங்கால் இரண்டும் கொப்புளம். உதடு வெடித்திருந்தது. தண்ணீரைக் கொடுத்தால் வாங்கிக் கீழே ஊற்றினார். கோழிக்கு வைக்கிறாராம்.

கொழுந்தனார் அன்றைக்கே பூட்டு வாங்கி வந்துவிட்டார்.

“ரண்டு நாள் பொறுங்க சித்தப்பா. எங்கியோ தப்பு இருக்குது, பாத்தர்றேன்.”

“நீ போட்ட கணக்குல கோழிகூட மாட்டாது கண்ணு. படிச்ச புள்ள, நாஞ் சொல்றனேன்னு வருத்தப்படாத. எனக்கு எங்கண்ணன் உசுரோட வேணும்.”

அவள் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள். பூட்டை நான் வாங்கி வைத்தேன்.

நான் சமைக்கிற நேரத்துக்கு மட்டும் பூட்டுவது என்று ஆயிற்று. முதல் நாள் நான்தான் பூட்டினேன். அவர் ஜன்னல் கம்பி வழியாக விரல்களை வெளியே நீட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். ஏசுவார், அழுவார் என்று நினைத்தேன்.

“நல்லாப் பூட்டு புள்ள,” என்றார். “கீரி வந்துரும்.”

அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது.

மகள் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கூரைத் தகரத்தை மறுபடி போட்டாள். தீவனத் தொட்டியைப் போட்டாள். வில்லையைத் தான் கட்டிக்கொண்டு நடந்தாள். சரியாக வந்தது. அவருக்குக் கட்டினால் தப்பியது. “அதே வில்லைம்மா, அதே பண்ணை. எனக்குப் பேசறது அப்பாவுக்கு ஏன் பேச மாட்டேங்குது?” என்று கேட்டாள். என்னிடம் கேட்டதில்லை, தனக்குத்தானே கேட்டுக்கொண்டது. லீவு முடிய ஆகிவிட்டது. ராத்திரி பகலாக உட்கார்ந்ததில் அவள் கண் உள்ளே போயிருந்தது.

இரண்டொரு நாளில், நான் குளிக்க வைக்கும்போது அவர் வழுக்கிவிட்டார். கீழே விழவில்லை. என் மேல் சாய்ந்துவிட்டார். எனக்குத் தாங்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் மகளைக் கூப்பிட்டேன். எங்கள் வீடுகளில் வயசுக்கு வந்த பெண், அப்பன் குளிக்கிற பக்கம் போகமாட்டாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஓடி வந்து, அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். ஈரத் துண்டு சரிந்தது. நான் அதை இழுத்துக் கட்டுவதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

“அம்மா, இதென்ன?”

“எது?”

“இடுப்புல. வெள்ளியா?”

“அரணாக்கொடி சாமி.”

“எப்பருந்து இருக்குது?”

“எங்க கல்யாணத்துல எங்கப்பன் போட்டது. அதுல இருந்து ஒடம்புலயேதான் கெடக்குது.”

அவள் தண்ணீர் வடிகிற கையோடு அப்படியே நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. “ஊர்ல இருக்கற தகரத்தையெல்லாம் எண்ணினேன். கிட்டத்துல கோட்டை விட்டுட்டேன்,” என்றாள். வெள்ளி, இடுப்பைச் சுற்றி முழு வளையமாம். வில்லை அதன் மேலேயே ஒட்டிக் கிடந்ததாம். அது பேசுகிற பேச்சைப் பாதி அந்த வெள்ளியே வாங்கிக்கொண்டு, மீதியை வேறு பக்கம் திருப்பிவிட்டிருக்கிறது. இரும்பு இருக்கிறதா என்று அவள் கேட்டபோது எனக்கு அது ஞாபகமே வரவில்லை. முதுகில் இருக்கிற மச்சத்தை யாராவது சாமான் கணக்கில் சேர்ப்பார்களா? அவளுக்கோ அப்பன் இடுப்பில் என்ன இருக்கும் என்று தெரிய வழியே கிடையாது.

“கழட்டிருவோம்மா,” என்றாள்.

எங்கள் பக்கம் ஆம்பிளை உடம்பு ஒரு நொடிகூட அரணாக்கயிறு இல்லாமல் இருக்கக்கூடாது. பழசு நைந்துபோனால் புதுசைக் கட்டிவிட்டுத்தான் பழசை எடுப்பார்கள். கட்டாமல் அறுக்கிறது சுடுகாட்டில் மட்டும்தான். வெள்ளி எடுத்துவிட்டு நூல் கட்டுவதில் குற்றமில்லைதான். ஆனால் அது என் அப்பன் போட்டது. அதைக் கழற்ற வேண்டியது என் கை. ஒரு பக்கம் அந்தப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. நான் சரி என்று தலையை ஆட்டினேன்.

கோயில் கடையில் சிவப்புக் கயிறு வாங்கி வந்தாள். அவள் வெளியே நின்றுகொண்டாள். நான் முதலில் புதுக்கயிற்றைக் கட்டி மூன்று முடிச்சுப் போட்டேன். அப்புறம் வெள்ளியைத் திருகினேன். இத்தனை வருஷத்தில் திருகாணி இறுகிப்போயிருந்தது. கொழுந்தனார் கட்டிங் பிளேயரோடு வந்து, அண்ணன் மேல் படாமல் விரலைக் கொடுத்துக்கொண்டு, மெல்ல நெம்பினார். கொடி விட்டது. அது கிடந்த இடத்தில் இடுப்பைச் சுற்றி வெளுப்பாக ஒரு தடம்.

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னையக் குளிப்பாட்டியாச்சா?” என்றார்.

கொழுந்தனார் கொடியை என் கையில் கொடுத்தார்.

“நான் எப்பச் செத்தேன் புள்ள?”

கொழுந்தனார் பிளேயரைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். நான் அவர் கையைப் பிடித்து, புதுக்கயிற்றின் மேல் கொண்டுபோய் வைத்தேன். “சாகலீங்க. இங்க பாருங்க, புதுசு கட்டியிருக்கேன். தொட்டுப் பாருங்க.” முடிச்சு முடிச்சாகத் தடவினார்.

“அப்பச் செரி,” என்றார்.

வில்லைப் பையைப் புதுக்கயிற்றில் கோத்துவிட்டேன். அதற்கப்புறம் புள்ளி தப்பவில்லை. பூட்டைக் கொழுந்தனாரே கழற்றிக்கொண்டு போனார். மகளும் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அடுத்த செட்டில் குஞ்சு விட்டால், கோழி ஏற்றினால், போனில் சொல்லிவிட வேண்டும். அங்கிருந்தே கணக்கை மறுபடி போட்டுவிடுவாள். கோழி நிறைந்த செட்டு வேறு, காலிச் செட்டு வேறாம். அவர் பாட்டுக்குச் சுற்றுவார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே போனையும் பார்ப்பேன்.

கொழுந்தனார் வந்து, “எங்கண்ணன் எங்கீங்க அண்ணி?” என்பார்.

“ரண்டாவது செட்ல, வடக்கு வரிசைல.”

அவர் போய்ப் பார்த்துவிட்டு, “கலெக்டர் மாதிரிச் சொல்றீங்க,” என்று சிரிப்பார். யாரையும் ரோட்டில் நின்று கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அந்த நாட்களை நான் குறை சொல்லமாட்டேன்.

அவர் போனது ஒரு காலை வேளையில். கோழி இல்லாத செட்டில் புள்ளி ஒரே இடத்தில் நின்றது. முட்டை எடுக்கிறார், உட்கார்ந்துவிட்டிருப்பார் என்று நினைத்தேன். காப்பியை ஆற்றி எடுத்துக்கொண்டு போனேன். புள்ளி காட்டிய இடத்தில்தான் இருந்தார். கூண்டுக் காலில் சாய்ந்து, மடியில் காலி அட்டையோடு. கணக்குச் சரியாகத்தான் சொல்லியிருந்தது. இடம் சொல்வதுதானே அதன் வேலை.

பக்கத்து வீடுகளுக்கு வாசல் வாசலாகப் போய்ச் சொன்னார்கள். தூரத்து ஊர்களுக்கு ஊருக்கு ஒரு வீட்டில் சொன்னார்கள். மத்தியானம் மகள் வந்து சேர்ந்தாள். ஆம்பிளைகள் குளிப்பாட்டினார்கள். இடுப்பில் இருந்த பையைத் தாயத்து என்று நினைத்து, கயிறு அறுக்கும்போது சேர்ந்து போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். கொழுந்தனார் வந்து, “வெள்ளியைப் போட்டு உடட்டுங்களா அண்ணி?” என்று கேட்டார். கட்டியிருக்கிற கயிறே போதும் என்றேன்.

எங்கள் வழக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அப்போது என் மடியில் இருந்த போன் கத்த ஆரம்பித்தது. வெள்ளியைக் கழற்றினதுக்கு அப்புறம், அவர் வேலியைத் தாண்டினால் கத்துவதற்கு மகள் வைத்தது. எல்லாரும் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. மகள் எட்டி வாங்கி, சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு, போனை என் கையிலேயே வைத்தாள்.

புள்ளி போய்க்கொண்டிருந்தது. சோளக் காட்டு வரப்பு, அப்புறம் வண்டித் தடம். கடைசிக் கம்பத்துப் பெட்டிக்கு மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஊர்ப் பெரியவள் ஒருத்தி என் தோளைத் தொட்டாள். தாலியைக் கழற்றுகிற சடங்குக்கு. “எந்திரி சாமி, நேரமாச்சு.”

“சித்த இருங்க,” என்றேன்.

அத்தனை பேர் நடுவில் என் குரல் அவ்வளவு சத்தமாக வந்தது எனக்கே புதுசு. பெரியவள் கையை எடுத்துக்கொண்டாள். மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். புள்ளி கொஞ்சம் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம். அப்புறம் நின்றுவிட்டது.

“இறக்கி வெச்சுட்டாங்களா?” என்று கேட்டேன்.

“இல்லம்மா. போயிட்டேதான் இருக்காங்க. பொட்டிக்குத்தான் கேக்கல.”

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். அது நகரவில்லை. போனை அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன்.